போயாவுக்கு வறுத்தது

இராகலைக் குளிருக்கு எந்த மூடியும் போதாது.
இரவில் பனி கதவிடுக்கால் நுழைந்து
உப்பைக் கரைக்கும்,
தீப்பெட்டியை ஊமையாக்கும்,
அப்புறம் கோப்பியைத் தேடும்.

லயத்துக்குப் பின்னால் மூன்று கோப்பி மரம்.
யார் நட்டார்களோ.
நேசமலர் பழம் பறித்து, தோல் உரித்து,
தகரத்தில் பரப்பி, மழை வந்தால் அள்ளி,
வெயில் வந்தால் விரித்து,
அள்ளுவதும் விரிப்பதுமாய் ஒரு மாதம் போய்
எட்டுக் கிலோ பச்சைக் கொட்டை சாக்குக்கு வந்தது.
"வறுக்காதது தூங்கும், வருசம் முழுக்கக் கிடக்கும்.
வறுத்ததுக்குத்தான் வயசாகும்" என்றாள்.

நான் ஸ்டோரில் சல்லடைப் பக்கம்.
தேயிலைத் தூள் எதையும் குடிக்கும்:
சோப்பு, பீடி, மண்ணெண்ணெய்,
பக்கத்து லயத்துக் கல்யாணம்.
போன மாசியில் என் சட்டைப்பையில்
நாலு வறுத்த கொட்டை கிடந்தது. சும்மா மெல்ல.
டீமேக்கர் ரத்னபால எட்டடி தள்ளி நின்று
மூக்கை உயர்த்தினார்.
"இங்க யாரு கோப்பி?"
எது என்று கேட்கவில்லை, யார் என்றார்.
நான்தான் கோப்பி, ஐயா.
அன்றைக்கு அரைப்பேர்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு சட்டம்.
போயாவுக்கு ஸ்டோர் ஓயும்,
போயாவுக்குத்தான் கோப்பி.
வறுக்க அவளுக்கு ஞாயிறை விட்டால் நாளில்லை,
போயா என்ன கிழமை பார்த்தா வரும்?
இடையில் கிடக்கும் நாட்களில்
கோப்பி சாகாமல் இருக்க வேண்டும்.

ஜன்னலோரம் ஒரு போத்தலில் வைத்துப் பார்த்தாள்.
பார்க்க அழகு. வெளிச்சம் தின்றுவிட்டது.
அடுப்புக்கு மேல் பலகையில் வைத்தது
எண்ணெய் கசிந்து சிக்கு வாடை அடித்தது.
கடைக்காரர் பத்மநாதன் வீட்டு பிரிட்ஜில் ஒரு வாரம்:
எடுத்ததும் கொட்டைக்கு வியர்த்தது,
கோப்பைக்குள் நெத்திலி நீந்தியது.
நேசமலர் குடித்து முடித்துவிட்டுத்தான் திட்டினாள்.

ஒரு தரம், வறுத்த சூடு ஆறுமுன்
பால்மா டின்னில் அடைத்து
மூடியை உள்ளங்கையால் அறைந்துவிட்டுப் படுத்தோம்.
நடுச்சாமம். டப்.
சிறுத்தை என்று நான் எழுந்தேன்.
பூனை என்று அவள் புரண்டாள்.
மூடி தரையில் உருண்டுகொண்டிருந்தது.
வறுத்த கொட்டையும் மூச்சுவிடும்,
ஓர் இரவு அதை விடவிட வேண்டும்.
விடிய நான் எலுமிச்சை தேய்த்துக் குளித்தேன்,
இரண்டு முறை, அந்தக் குளிரில்.

சித்திரை வருசத்துக்கு முதல் நாள்
ரத்னபால ஒரு பொட்டலம் நீட்டினார்.
கண்ணாடிச் சாடி, ரப்பர் வளையம், கம்பிக் கொக்கி.
"ஒங்க கோப்பிக்கு இல்ல, என் தேயிலைக்கு."
சிரித்தாரா தெரியாது, மாஸ்க் போட்டிருந்தார்.

வெறும் சாடியை மூன்று நாள் முகர்ந்தாள் நேசமலர்.
பிறகு கிழிந்த கொழுந்துப் படங்கில்
கறுப்பாய் ஒரு துண்டு வெட்டி
சாடிக்குப் பாவாடை தைத்தாள்.
விளிம்புவரை நிரப்புவாள், காற்றுக்கு இடமில்லாமல்.
அடுப்புக்கு எதிர்மூலை, ட்ரங்குப் பெட்டி,
அதற்குள் பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சி,
காணி உறுதி தருவோம் என்று வந்த கடிதம்,
பக்கத்தில் கோப்பி.
இதில் எது முதலில் பழசாகும் என்று
நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

இன்று ஞாயிறு.
நான் பாலம் தாண்டும்வரை பொறுத்து
அடுப்பு மூட்டியிருக்கிறாள்.
திரும்பி வந்தபோது வீட்டில் வாசமே இல்லை,
ஜன்னல் இரண்டும் திறந்து கிடந்தன.
அவள் கழுத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சம்.
"கிட்ட வராத, நாளைக்கு வேல" என்றாள்.

வெள்ளிக்கிழமை போயா.
ட்ரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து
சோறு சாப்பிட்டேன்.